கவச வீரரும் மந்திரவாதியும் ஒரே களத்தில்: அணிப் போட்டி நடத்த முழு வழிகாட்டி

ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் ரோல்-பிளே விளையாட்டில் "மன்னர் ஒரு போட்டி அறிவித்திருக்கிறார்" என்று கதையில் சொல்லிவிடுவது சுலபம். அடுத்த அமர்வில் அதை மேசை மேல் நடத்திக் காட்டுவதுதான் பாடு. ஈட்டியோடு வருகிறவனும் மந்திரக்கோலோடு வருகிறவளும் ஒரே அணியில் நிற்க வேண்டும், எதிரணியோடு மோத வேண்டும். யாரும் சாகக்கூடாது, யாரும் ஒரு மணி நேரம் சும்மா உட்காரக்கூடாது, விடிவதற்குள் முடியவும் வேண்டும்.

முதல்முறை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் அட்டவணை போடுவதில் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான். எட்டு அணிகளுக்கும் கேடயச் சின்னம் வரைந்து வண்ணம் தீட்டி வைத்திருந்தேன். முதல் மோதலின் இரண்டாவது சுற்றில் ஒரு நண்பர் கேட்டார்: "இவன் விழுந்துட்டான் சரி. செத்துட்டானா, இல்ல அவுட்டா?" பதில் என்னிடம் இல்லை. அரை மணி நேரம் அதிலேயே போயிற்று.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படியில் எடுத்த முடிவின் மேல்தான் நிற்கிறது. எண்களெல்லாம் 20 பக்கப் பகடையையும் 6 பக்கப் பகடையையும் வைத்துப் போட்டவை. உங்கள் விளையாட்டின் கணக்கு வேறு என்றால் எண்ணை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மாற்றினால் 8ஆம் படியைக் கட்டாயம் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

கையில் இருக்க வேண்டியவை

கட்டம் போட்ட களத்தாள் ஒன்று, 24 கட்டம் நீளம், 16 கட்டம் அகலம். இரண்டு நிறத்தில் காய்கள். ஒரு நிமிட மணல்கடிகாரம் அல்லது போனில் டைமர். மந்திரம் விழப்போகும் இடத்தைக் குறிக்க நூலோ வளையமோ. ஒவ்வொரு வீரருக்கும் அவரது எண்களை மட்டும் எழுதிய ஒரு சின்ன அட்டை. முழு கேரக்டர் ஷீட்டை (கதாபாத்திரத்தின் எல்லா விவரமும் உள்ள தாள்) கொண்டுவரச் சொன்னால் ஒவ்வொரு முறையும் பக்கம் புரட்டுவதிலேயே நேரம் போகும்.

இவற்றோடு ஓர் ஆளும் வேண்டும். புள்ளி எழுதுவதற்கு மட்டும் ஒருவர். கேம் மாஸ்டரே (ஆட்டத்தையும் கதையையும் நடத்துகிறவர்) எழுதினால் தவறு வரும், வந்த தவறை எடுத்துச் சொல்லவும் எல்லோரும் தயங்குவார்கள். ஆட்டத்தில் இல்லாத அணியிலிருந்து ஒருவரை உட்கார வையுங்கள். அவருக்கும் பொழுது போகும்.

1. வெளியேறுவது எப்படி என்று எழுதுங்கள்

ஹெச்பி (உயிர்ப் புள்ளி) பூஜ்யம் ஆனால் வெளியே என்று விட்டுவிடுவது வழக்கமான தவறு. வீரனுக்கு 60 ஹெச்பி, மந்திரவாதிக்கு 25 என்றால் எதிரணியின் மூன்று பேரும் முதல் சுற்றிலேயே மந்திரவாதி மேல் பாய்வார்கள். அவர் வைத்திருந்த மந்திரங்களில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் எழுந்து போவார். தவிர, பூஜ்யம் என்றால் சாவு என்று உங்கள் விதி சொன்னால், இது போட்டியே இல்லை, கொலைக்களம்.

நான் இப்போது பயன்படுத்துவது காப்பு முறை. களத்தில் இறங்கும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு மந்திரக் காப்பு கட்டப்படும். எல்லோருக்கும் சமமாக 30 புள்ளி. வாள்வெட்டோ தீக்கணையோ எது பட்டாலும் காப்பில்தான் கழியும். காப்பு உடைந்தால் அவர் வெளியே. மிச்ச அடி உடம்புக்குப் போகாது.

இதில் மூன்று சிக்கல் ஒரே அடியில் தீர்கிறது. சாவு இல்லை. வாளுக்கும் மந்திரத்துக்கும் ஒரே அளவுகோல். குணப்படுத்தும் மந்திரம் காப்பில் செல்லாது என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், அடிக்க அடிக்க ஆற்றிக்கொண்டே ஆட்டத்தை நீட்டுகிற தொல்லையும் இல்லை.

"அப்படியானால் கவசத்துக்கு என்ன மதிப்பு?" என்று வீரர் வேடம் போடுகிறவர் கேட்பார். கவசம் அடி படாமல் தடுக்கிறது. கவச எண் (அடி பட எட்ட வேண்டிய எண்) 16, தாக்குகிறவர் பகடையோடு கூட்டிக்கொள்வது 6 என்றால் 20 பக்கப் பகடையில் 10 அல்லது மேல் விழ வேண்டும், அதாவது 55 சதவீதம். கவச எண் 12 மட்டுமே உள்ள மந்திரவாதி மேல் அதே வீச்சு 75 சதவீதம் படும். வித்தியாசம் போதும்.

2. வெற்றிக்குப் புள்ளி முறை வையுங்கள்

"கடைசி வரை நிற்கும் அணி ஜெயிக்கும்" என்ற விதி கேட்கக் கம்பீரமாக இருக்கும், மேசையில் ஆட்டத்தைக் கெடுக்கும். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. குறிவைத்துத் தாக்கும் போரில் படையின் வலிமை எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று ஆங்கிலப் பொறியாளர் ஃப்ரெடரிக் லான்செஸ்டர் 1916-இல் எழுதினார். மூன்று பேருக்கு எதிராக இரண்டு பேர் என்றால் வலிமை 3-க்கு 2 என்று நினைப்போம். உண்மையில் 9-க்கு 4. முதல் ஆள் விழுந்ததுமே ஆட்டம் முடிந்த மாதிரிதான். மீதி நாற்பது நிமிடம் முடிவு தெரிந்த சண்டையைப் பகடை உருட்டி முடிக்கிற வேலை.

களத்தின் நடுவில் 4 கட்டம் அகலத்தில் ஒரு வட்டம் வரையுங்கள். ஒரு சுற்று (எல்லோரும் ஆளுக்கொரு முறை ஆடுவது) முடியும்போது ஓர் அணியின் ஆள் மட்டும் வட்டத்துக்குள் இருந்தால் அந்த அணிக்கு 1 புள்ளி. இரு அணியும் உள்ளே இருந்தால் யாருக்கும் இல்லை. எதிராளியின் காப்பை உடைத்தால் 2 புள்ளி. மொத்தம் 6 சுற்று, அதோடு நிறுத்தம். புள்ளி சமம் என்றால் மிஞ்சிய காப்புகளின் கூட்டுத்தொகை பார்க்கலாம்.

ஆளை இழந்த அணி இப்போதும் வட்டத்தைப் பிடித்து வெல்லலாம். இன்னொரு பயன் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வட்டம் இருப்பதால் வீரர்கள் ஓரிடத்தில் கூடியே ஆக வேண்டும். அப்படிக் கூடினால்தான் பரப்பில் விழும் மந்திரத்துக்கு வேலை உண்டு.

ஏன் 6 சுற்று? மூவரும் ஒருவனையே தாக்கினால், ஒவ்வொரு வீச்சும் சராசரி 10 என்று வைத்தால், ஒரு சுற்றில் 55 சதவீதக் கணக்கில் 16 அல்லது 17 புள்ளி கழியும். காப்பு 30. ஓர் ஆள் விழக் கிட்டத்தட்ட இரண்டு சுற்று ஆகும். மூவருக்கும் ஆறு சுற்று. அதற்கு மேல் நீட்டினால் துடைத்தெடுப்பு, மிகவும் குறைத்தால் யாரும் விழமாட்டார்கள்.

3. நேரத்தைப் பார்த்துவிட்டு அட்டவணை

இந்த இடத்துக்கு வந்த பிறகுதான் அட்டவணையைத் தொட வேண்டும். ஓர் ஆளின் முறைக்கு ஒன்றரை நிமிடம். மூன்றுக்கு மூன்று ஆட்டத்தில் ஒரு சுற்று 9 நிமிடம். ஆறு சுற்று 54 நிமிடம். ஆட்கள் விழ விழ நேரம் குறையும், களம் மாற்ற அந்த மிச்சம் சரியாகப் போய்விடும். ஆக, ஓர் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் என்றே எழுதுங்கள்.

மேசையில் 12 பேர், 4 அணி என்றால் ஒவ்வொரு அணியும் மற்ற எல்லோரோடும் மோத 6 ஆட்டம் வேண்டும், அதாவது 6 மணி நேரம். தோற்றால் வெளியே முறையில் இரண்டு அரையிறுதி, மூன்றாம் இடத்துக்கு ஒன்று, இறுதி ஒன்று, மொத்தம் 4 மணி நேரம். மூன்றாம் இடத்து ஆட்டத்தை வெட்டிவிடாதீர்கள். அது இருந்தால்தான் முதல் ஆட்டத்திலேயே தோற்ற ஆறு பேருக்கும் மறுபடி பகடை உருட்டக் கிடைக்கும்.

அதிகம் நடப்பது வேறு வகை. மேசையில் இருப்பது ஒரே ஓர் அணி, மற்ற 7 அணிகளும் கேம் மாஸ்டர் கையில். எட்டு அணிக்கு மொத்தம் 7 ஆட்டம். உங்கள் ஆட்கள் அதிகபட்சம் 3 ஆடுவார்கள். மீதி நாலையும் முழுதாக ஆடிக் காட்ட வேண்டாம், கேம் மாஸ்டர் தனக்குத்தானே சண்டை போடுவதை யாரும் ஒரு மணி நேரம் பார்க்க மாட்டார்கள். ஒவ்வொரு அணிக்கும் 1 முதல் 5 வரை பலம் கொடுத்து, அதோடு இரண்டு 6 பக்கப் பகடையைக் கூட்டுங்கள். அதிகம் வந்தவர் வெற்றி.

இங்கே 20 பக்கப் பகடையைத் தொட வேண்டாம். பலத்தில் 2 கூடுதலான அணி அதில் 57 சதவீதம்தான் வெல்லும், கிட்டத்தட்ட பூவா தலையா. இரண்டு 6 பக்கப் பகடையில் அதே அணி 66 சதவீதம் வெல்லும். பலமான அணி பலமாகத் தெரிய வேண்டுமே.

4. அணியில் யார் யார்

மூன்று பேர். இரண்டு பேர் என்றால் ஒருவர் விழுந்ததும் தனியாள் சண்டை. நாலு என்றால் நேரம் மூன்றில் ஒரு பங்கு கூடும். மூன்றில் ஒருவராவது கவச வீரர், ஒருவராவது மந்திரம் தெரிந்தவர், மூன்றாமவர் அவரவர் விருப்பம்.

மூன்று மந்திரவாதிகள் கொண்ட அணியைக் கேட்பார்கள். முடியாது என்று சொல்லிவிடுங்கள். அந்த அணி ஜெயித்தாலும் தோற்றாலும் வட்டத்துக்குள் ஒரு வாள்கூட மோதாது.

5. களத்தின் நீளம்தான் மந்திரவாதியின் வலிமை

மந்திரவாதிக்குப் பலம் கூடிவிட்டது என்று புலம்பி மந்திரத்தின் பகடையைக் குறைப்பார்கள். முதலில் இரு அணிக்கும் நடுவே எத்தனை கட்டம் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு கணக்கு. வீரன் ஒரு முறைக்கு 6 கட்டம் நடக்கிறான். மந்திரம் 24 கட்டம் எட்டும். இரு அணியும் 18 கட்ட இடைவெளியில் நிற்கின்றன. வீரன் முதலில் நகர்கிறான், இடைவெளி 12. மந்திரவாதி நின்ற இடத்திலிருந்தே ஒரு கணை விடுகிறாள். வீரன் மறுபடி நகர்கிறான், இடைவெளி 6. இரண்டாவது கணை. மூன்றாவது முறையில்தான் வாள் எட்டுகிறது. இரண்டு கணை வாங்கிக்கொண்டுதான் வந்து சேர்கிறான். இதே இடைவெளி 30 என்றால் நாலு கணை. களத்தை நாலு விரல் அளவு நீளமாக வரைந்துவிட்டால் அதுவே மந்திரவாதிக்கு இரண்டு இலவச அடி.

18 எனக்குச் சரியாக வந்த எண். 24 கட்ட நீளத்தில் இரு பக்கமும் 3 கட்டம் விட்டு அணிகளை நிறுத்தினால் 18 வந்துவிடும். பின்வாங்க மந்திரவாதிக்கு 3 கட்டம்தான் இருக்கிறது, ஆகவே ஓடிக்கொண்டே அடிக்கிற வித்தை நெடுநேரம் செல்லாது. பக்கவாட்டில் ஓடாமல் இருக்க ஒரு வரி சேருங்கள்: ஒரு முறையில் 3 கட்டத்துக்கு மேல் நகர்ந்தவர் அந்த முறையில் மந்திரம் சொல்ல முடியாது.

தடைகள் வைக்கலாம். இடுப்பளவுச் சுவர் இரண்டு, தூண் இரண்டு. அதற்கு மேல் வைத்தால் "அங்கிருந்து இவன் தெரிவானா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே களைத்துப்போவீர்கள்.

6. மந்திர விதிகள்

நீளமான படி இது. அவசரப்பட வேண்டாம்.

தடைப் பட்டியல் போடாதீர்கள், அனுமதிப் பட்டியல் போடுங்கள். "இவை கூடாது" என்று பத்து மந்திரம் எழுதினால், பதினொன்றாவதைத் தேடிக் கண்டுபிடிப்பதையே ஒருவர் வேலையாக வைத்துக்கொள்வார். என் ஆட்டத்தில் களத்தில் நுழைந்த பிறகுதான் மந்திரம் என்று எழுதியிருந்தேன், அல்லது எழுதியதாக நினைத்தேன். ஒருவர் உடம்பெல்லாம் மந்திரக் கவசம் பூண்டு, வேகமும் ஏற்றிக்கொண்டு வந்து நின்றார். "உள்ள வந்து போடணும்னு எங்க இருக்கு? வெளியிலேயே போட்டுட்டு வந்துட்டேன்." விதித்தாளில் தேடிப்பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. இப்போது முதல் வரியே இதுதான்: வாசலைத் தாண்டும்போது உடம்பில் உள்ள எல்லா மந்திரமும் கழுவப்படும், களத்தின் எல்லைக்கோட்டை எந்த மந்திரமும் இரு பக்கமும் தாண்டாது.

எல்லைக்கோட்டு விதி பார்வையாளர் கூட்டத்திலிருந்து யாரோ உதவுவதையும் அடைக்கிறது. சதி கதைக்கு வேண்டும் என்றால் கோட்டில் ஓரிடத்தில் ஓட்டை இருப்பதாக நீங்கள் மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். விதி தெளிவாக இருந்தால்தான் அது மீறப்பட்டதை ஆடுகிறவர்கள் மோப்பம் பிடிப்பார்கள்.

அடுத்து, வகைவாரியாக எதை எப்படி வைப்பது என்று.

பறத்தல்: ஈட்டி எட்டும் உயரம் வரை, அதாவது 2 கட்டம். அதற்கு மேல் போனால் வீரன் அண்ணாந்து பார்ப்பதைத் தவிர வேறு செய்ய ஒன்றுமில்லை.

மறைதல்: வேண்டாம். விதியாக மோசமில்லை, நேரத்தைத் தின்னும். ஒளிந்திருப்பவரின் நகர்வைத் தனித்தாளில் எழுதி மறைத்து வைக்க வேண்டியிருக்கும்.

மனதை வசப்படுத்தல்: அடியோடு வேண்டாம். தன் கேரக்டரைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கும் நண்பரின் முகத்தை ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

உயிர்களை வரவழைத்தல்: கூடாது. மேலே சொன்ன வர்க்கக் கணக்குதான். ஓர் ஓநாய் வந்து நின்றால் 3-க்கு 3 என்பது 16-க்கு 9 ஆகிவிடும்.

இடம் தாவுதல்: 6 கட்டம் வரை சரி. வட்டத்துக்குள் நேராகக் குதிக்கக் கூடாது.

மற்றபடி காற்று, வழுக்கு, புகை, வெளிச்சம், சின்னச் சுவர் எழுப்புதல் எல்லாம் தாராளமாகத் தரலாம். ஆட்டத்தை அழகாக்குவது இவைதான். தீக்கணை வரிசையாக விட்டுக்கொண்டிருப்பது வில்லாளி செய்யும் வேலை, அதற்கு மந்திரவாதி எதற்கு?

ஆற்றல் கணக்கு. ஆட்டத்துக்கு ஆட்டம் புது ஆற்றல் கொடுத்தால் முதல் சுற்றிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, மீதி நேரம் கையைப் பிசைவார்கள். நாள் முழுவதற்கும் 12 புள்ளி கொடுங்கள். ஒரு கணைக்கு 1, அது இரண்டு 6 பக்கப் பகடையோடு 3, சராசரி 10, வாளுக்குச் சமம். காற்று, வழுக்கு மாதிரி இடைஞ்சல் மந்திரத்துக்கு 2. பரப்பில் விழுவதற்கு 4. ஆட்டங்களுக்கு நடுவே 2 புள்ளி திரும்பும். ஆற்றலே தீர்ந்துபோனால் ஒரு 6 பக்கப் பகடை அளவுக்குச் சின்னப் பொறி ஒன்று எப்போதும் இலவசம், இல்லாவிட்டால் இறுதி ஆட்டத்தில் மந்திரவாதி வெறும் ஆளாக நிற்க வேண்டியதுதான்.

பரப்பு மந்திரத்தில் தனிக் கவனம் வேண்டும். பெரிய தீக்கோளம், ஐந்து 6 பக்கப் பகடை, சராசரி 17.5. வட்டத்தில் மூவரும் நின்றிருந்தால் மொத்தம் 52.5 கழியும். அணியின் காப்பு எல்லாம் சேர்த்தே 90. ஒரே மந்திரத்தில் பாதிக்கு மேல் போயிற்று. அதை இரண்டு பகடைக்குக் குறைத்தாலும் மூவருக்கும் சேர்த்து 21. வீரனின் ஒரு வீச்சு, படாமல் போவதையும் சேர்த்துப் பார்த்தால், சராசரி 5.5. இன்னும் நாலு மடங்கு.

பகடையை மேலும் குறைத்தால் மந்திரம் பிசுபிசுத்துவிடும். அதற்குப் பதில் தாமதம் வையுங்கள். இந்த முறையில் மந்திரவாதி இடத்தை அறிவிக்கிறாள், வளையத்தை வைக்கிறோம், எல்லோர் கண்ணிலும் படுகிறது. அவளுடைய அடுத்த முறையின் தொடக்கத்தில்தான் அது விழும். நடுவில் அவள் மேல் அடி பட்டால் 20 பக்கப் பகடையில் 10 எடுக்க வேண்டும், தவறினால் மந்திரம் கலையும், ஆற்றல் போனது போனதுதான்.

இந்த ஒரு விதி ஆட்டத்தின் குணத்தையே மாற்றியதைப் பார்த்தேன். சிவப்பு அணி வட்டத்தைப் பிடித்து நிற்கிறது. நீல அணியின் மந்திரவாதி வளையத்தை வட்டத்தின் மேலேயே வைக்கிறாள். இப்போது சிவப்புக்கு மூன்று வழி. வட்டத்தை விட்டு விலகினால் புள்ளி போகும். நின்றால் தீ. ஒருவன் ஓடிப்போய் அவளை அடித்தால் கலையலாம், ஆனால் நீல அணியின் வீரன் சுவரோரம் அவளுக்கு முன்னால் கேடயத்தோடு நிற்கிறான். மேசையில் ஆறு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். தீ கடைசியில் யார் மேலும் விழவில்லை, விலகிவிட்டார்கள். வட்டம் காலியானது, சிவப்புக்குப் புள்ளி போயிற்று. நாலு ஆற்றல் செலவில் யாரையும் தொடாமல் ஆளை நகர்த்தினாள்.

7. யார் முதலில்

ஆளுக்கு ஆள் பகடை உருட்டி வரிசை போடும் வழக்கமான முறையில், ஒரே அணியின் மூவரும் அடுத்தடுத்து வந்துவிடுவதுண்டு. எதிராளி ஒருவன் அசைவதற்குள் மூன்று அடி வாங்கிவிடுவான். ஒருவர் விட்டு ஒருவராக வையுங்கள்: சிவப்பில் ஒருவர், நீலத்தில் ஒருவர், மறுபடி சிவப்பு. அணிக்குள் யார் போவது என்பதை அவர்களே அந்தந்த நேரத்தில் முடிவு செய்யட்டும். அடுத்த சுற்றில் நீலம் தொடங்கும்.

ஆள் குறைந்த அணிக்கு "இந்த முறை விடுகிறேன்" என்று சொல்ல உரிமை கொடுங்கள், எத்தனை ஆள் குறைவோ அத்தனை தடவை. இல்லாவிட்டால் சுற்றின் கடைசி நகர்வுகள் முழுதும் எதிரணி கையில், வட்டத்தில் கடைசி நேரத்தில் காலை வைத்துப் புள்ளியைத் தட்டிக்கொண்டு போவார்கள்.

8. வெள்ளோட்டம்

தனியாக உட்கார்ந்து இரு பக்கமும் நீங்களே ஆடுங்கள். இரண்டு ஆட்டம் போதும். முதலாவதில் சிவப்பு அணி கண்ணை மூடிக்கொண்டு மந்திரவாதியை மட்டும் அடிக்கட்டும். அவள் இரண்டு மந்திரமாவது சொல்லிவிட்டு விழுந்தால் சரி. ஒன்றுகூடச் சொல்லாமல் விழுந்தால் இடைவெளியைக் கூட்டுங்கள். இரண்டாவதில் மந்திரவாதி ஓடி ஓடி மட்டும் அடிக்கட்டும். நாலாம் சுற்று வரை அவள் மேல் ஒரு வாள்கூடப் படவில்லை என்றால் இடைவெளியைக் குறைக்க வேண்டும். கவச எண்ணையோ பகடையையோ தொடுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேல் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

நன்றாக ஆடி ஜெயிக்க முயலாதீர்கள். முரட்டுத்தனமாக, ஒரே வித்தையைத் திரும்பத் திரும்பச் செய்து பாருங்கள். உங்கள் நண்பர்கள் செய்யப்போவது அதைத்தான்.

9. குதிரை மோதல் சேர்ப்பதானால்

கட்டாயமில்லை. சேர்த்தால் அணி மோதலுக்கு முன்னால் வையுங்கள், யார் களத்தின் எந்தப் பக்கம் என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அதன் பரிசு. பின்னால் வைத்தால் களைப்பில் ஒப்புக்கு முடிப்பார்கள்.

நடுவில் தடுப்புக் கட்டை. ஈட்டி நுனி கூராக இருக்காது, கிரீடம் போல் பல முனையாகப் பிரிந்து அடியைப் பரப்பும். மூன்று ஓட்டம். உடம்பில் பட்டு ஈட்டி முறிந்தால் 1 புள்ளி, தலைக்கவசத்தில் 2, குதிரையிலிருந்து தள்ளினால் 3. எதிராளியின் குதிரையைக் குத்தினால் போட்டியிலிருந்தே வெளியே. இங்கிலாந்தில் 1466-இல் ஜான் டிப்டாஃப்ட் என்ற பிரபு வகுத்த விதிகளிலும் குதிரையை அடித்தவனுக்குப் பரிசு கிடையாது. "குதிரையைத்தானே அடிச்சேன், ஆளை இல்லையே" என்று கேட்கும் நண்பர் எல்லா மேசையிலும் ஒருவர் இருப்பார், முன்பே எழுதி வையுங்கள்.

முறிந்த ஈட்டியின் சிம்பும் காப்பில்தான் கழியும் என்று சேருங்கள். பிரான்ஸ் மன்னர் இரண்டாம் ஹென்றி 1559-இல் இறந்தது தலைக்கவசத்துக்குள் பாய்ந்த ஈட்டிச் சிம்பால்தான். விதியில் இடம் விட்டால் யாராவது அதையே தந்திரமாக்குவார்கள்.

மோதலுக்குப் பகடை மட்டும் போதாது, சலித்துவிடும். இருவரும் மேல், நடு, கீழ் என்று ஆளுக்கு இரண்டு அட்டையைக் கவிழ்த்து வைக்கட்டும், ஒன்று குறி, இன்னொன்று கேடயம். குறி வைத்த இடத்தில் கேடயம் இல்லாவிட்டால் பகடையில் 4 கூடும். மந்திரவாதிக்கும் வேலை கொடுங்கள்: ஓட்டத்துக்கு ஒரு முறை, 1 ஆற்றல் செலவில், காற்றை வீசி எதிராளியின் ஈட்டி நுனியை ஓர் உயரம் ஏற்றவோ இறக்கவோ செய்யலாம். எதிரணி மந்திரவாதியும் 1 செலவழித்தால் அது ரத்து. மதிப்புள்ள ஆற்றலை இங்கே தொலைப்பதா, அணி மோதலுக்குச் சேமிப்பதா என்ற குழப்பமே போதுமான சுவாரஸ்யம்.

10. போட்டி நாள்

விதியை வாசியுங்கள், கேள்வி கேட்கச் சொல்லுங்கள், பிறகுதான் சீட்டுக் குலுக்கல். எதிரி யார் என்று தெரிந்த பிறகு கேட்கப்படும் எந்தக் கேள்வியும் சந்தேகமாக இருக்காது, வாதமாக இருக்கும்.

டைமரை முதல் முறையிலிருந்தே ஓடவிடுங்கள். "முதல் ஆட்டம்தானே, பழகட்டும்" என்று தளர்த்தினால் பிறகு இறுக்க முடியாது. ஒரு நிமிடம் யோசிக்க, அரை நிமிடம் பகடைக்கு. நேரம் தாண்டினால் அவர் நின்ற இடத்தில் கேடயத்தைத் தூக்கித் தற்காத்துக்கொள்கிறார் என்று வைத்து அடுத்தவருக்குப் போய்விடுங்கள்.

தகராறு வரும். உங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கள், ஆட்சேபம் இருந்தால் ஒரு நிமிடம், அதற்குள் விதித்தாளில் வரியைக் காட்டினால் மாற்றுங்கள், இல்லையென்றால் தீர்ப்பு நிற்கும். ஆட்டம் முடிந்த பிறகு தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தால் ஒப்புக்கொள்ளலாம், முடிவைத் திருத்தப் போகாதீர்கள். ஒரு தடவை திருத்தினால் முந்தைய எல்லா ஆட்டத்தையும் கிண்டுவார்கள்.

காப்பு உடைந்து வெளியே வந்தவருக்கு உடனே ஒரு வேலை. கூட்டத்தின் குரலாக ஆரவாரம் செய்யட்டும், எதிரணிக்கும் சேர்த்து மணல்கடிகாரத்தைக் கவிழ்க்கட்டும். போனை எடுத்துவிட்டால் அவரைத் திரும்ப மேசைக்குக் கொண்டுவருவது கஷ்டம்.

11. பரிசும் பணயமும்

கோப்பையும் பொற்காசும் கொடுத்தால் அடுத்த அமர்வில் மறந்துபோகும். 12ஆம் நூற்றாண்டுப் பிரான்சின் போட்டிகளில் பிடிபட்டவர் தன் குதிரையையும் கவசத்தையும் பிடித்தவரிடம் இழந்து, பணம் கட்டித்தான் மீட்க வேண்டும். ஆங்கிலேய வீரர் வில்லியம் மார்ஷல் பேரும் பணமும் சம்பாதித்தது அந்த வழியில். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: யார் காப்பை யார் உடைத்தாரோ அவருக்குக் குதிரையோ கவசமோ மந்திரக்கோலோ ஒன்று சொந்தம்.

ஆனால் பொருளைப் பறிப்பதைப் போட்டி நடுவில் செய்யாதீர்கள். அரையிறுதியில் தோற்றவர் மூன்றாம் இடத்து ஆட்டத்துக்குக் கவசமில்லாமல் வந்து நிற்பார், மறுபடியும் தோற்பார். நாள் முடியும் வரை கடன் சீட்டாக இருக்கட்டும்.

சீட்டில் மூன்று விஷயம் எழுதச் சொல்லுங்கள்: யாருக்குக் கடன், என்ன பொருள், எந்த நாளுக்குள். மீட்க முடியாதவர் பணத்துக்குப் பதிலாக ஒரு வேலை செய்து தருவதாக எழுதிக் கொடுக்கலாம். எங்கள் மேசையில் அப்படி எழுதிய சீட்டு ஒன்று இன்னும் பகடைப் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. எழுதியவர் தன் கேரக்டரை எதிரணி மந்திரவாதியின் கோபுரத்துக்கு ஒரு மாதம் காவல் நிற்க அனுப்புவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், அடுத்த அமர்வு அந்தக் கோபுரத்தில்தான் தொடங்குகிறது.